பூசணிச் சட்டியில் மீன் வைத்த நத்தார்

தம்பி,

இந்த நத்தார்ச் சாப்பாட்டுக்கு முத்தையா மாமா வந்துவிடக்கூடாது என்பதற்காக நீ இரண்டு பொய் சொன்னாய். அவரும் பார்வதியும் மகளைப் பார்க்க மலைநாட்டுக்குப் போகிறார்கள் என்று எனக்குச் சொன்னாய். அம்மாவுக்குச் சுகமில்லை, இந்த முறை வீட்டில் சமையல் இல்லை என்று அவருக்குச் சொன்னாய். இரண்டையும் கொழும்பில் கதிரையில் இருந்தபடியே போனில் சொல்லி முடித்திருக்கிறாய். நான் இதைக் கோபமில்லாமல் எழுதுகிறேன் என்று சொன்னால் அது மூன்றாவது பொய்யாகிவிடும். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வசனம் சொல்லி முடிக்கமுதல் நீ "அம்மா, விளங்கிக்கொள்ளுங்கோ" என்று புகுந்துவிடுகிறாய். கடிதத்துக்குள் நீ புகமுடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீ வகுப்பேறி விட்டுப்போன பழைய புத்தகங்களை வைத்துத்தான் ஒழுங்காக எழுதப் பழகினேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி வாசி. சொன்ன விஷயத்தில் திருத்த ஒன்றும் இல்லை.

இந்த நத்தாருக்கு நீ என்னென்ன கேட்டாயோ எல்லாவற்றுக்கும் நான் ஓம் என்றேன். ஜெனிற்றா வீட்டார் முதல்முறை யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார்கள், தை மாதம் கலியாணம், குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்றாய். சரி என்றேன். நிலத்தில் பாய் போட்டு இருத்த வேண்டாம், மேசை கதிரை வாடகைக்கு எடுப்போம் என்றாய். சரி என்றேன். கேக்கைக் கடையில் சொல்லுவோம் என்றாய். எத்தனையோ வருஷமாக ரவையும் கண்ணீருமாக நான் கிண்டி எடுத்த கேக், அதற்கும் சரி என்றேன். ஆடு ஒன்று சொல்லிவைத்தேன். மாரி மழையில் நனையாமல் விறகை ஐப்பசியிலேயே குசினிக்குள் அடுக்கினேன். பயற்றம்பணியாரத்துக்குப் பயறு வறுத்து இடித்து வைத்தேன். கடைசியில் ஒரு நாள், மிகவும் சாதாரணமாக, "முத்தையா மாமாவை இந்த முறை பார்க்கேலாது அம்மா, மலைக்குப் போகினமாம்; முதற்சட்டி வேலை உங்களுக்கு மிச்சம்" என்றாய். எனக்கு மனம் சோர்ந்தது. ஆனால் நம்பினேன். நீ சொன்னதை நான் எப்போதாவது நம்பாமல் விட்டிருக்கிறேனா?

முதற்சட்டி என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன். மறந்தவன்போல நடக்கிறவனுக்கு முதலிலிருந்துதான் சொல்லவேண்டும். முத்தையா அண்ணையின் வீட்டில் மார்கழி முழுக்க மச்ச மாமிசம் தொடமாட்டார்கள். விடிய எழும்பிக் குளித்துவிட்டு மாரியம்மன் கோயிலில் பஜனை பாடுகிற ஆட்கள். யேசு பாலன் பிறக்கிற நத்தார் எப்போதும் மார்கழிக்குள்தான் விழும். அதனால் எங்கள் வீட்டில் அன்று முதலில் அடுப்பேறுவது இறைச்சி இல்லை, பூசணிக்காய். அதற்கென்று ஒரு மண்சட்டி, ஓர் அகப்பை. வருஷம் முழுக்க உறியில் தொங்கும். மீனோ முட்டையோ அதன் பக்கம் போகாது. அந்தக் கறியும் சோறும் வாழையிலையில் அவர்களுக்கு முதலில் போடுவோம். கூடவே நாங்களும் அதில் ஒரு வாய் சாப்பிடுவோம். அதன் பிறகுதான் ஆட்டிறைச்சிச் சட்டியின் மூடியைத் திறப்பேன். இது கோயிலில் சொல்லித்தந்த வழக்கம் இல்லை. இந்த வீட்டு வழக்கம்.

அவர்கள் வரவில்லை என்றானபடியால் நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தநாள், நத்தாருக்கு இன்னும் ஒரு கிழமை இருக்க, மீன் சட்டி வெடித்துப்போயிருந்தது. உறியில் தொங்கின சட்டியை எடுத்தேன். அடுத்த வருஷத்துக்கு வேறொன்று வாங்கிப் பழக்கலாம், இது சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்து அதில் பாரை மீன் குழம்பு வைத்தேன்.

குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது பார்வதி குடையோடு வாசலில் வந்து நிற்கிறாள். இடுப்பில் இடியப்பப் பெட்டி, மற்றக் கையில் மல்லித்தண்ணிப் போத்தல். நான் குசினிக்குள் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன்.

"என்னக்கா, எந்திரிச்சிட்டீங்களா?" என்றாள்.

"நான் எப்பவடி படுத்தனான்?"

"எந்திரிக்கவே முடியலேன்னு தம்பி போன்ல சொல்லிச்சே. அதான் மல்லித்தண்ணியும் இடியாப்பமும் கொண்டாந்தேன்."

"எனக்கு ஒண்டுமில்லை. அதை விடு, நீங்கள் மலைக்கு எப்ப வெளிக்கிடுறியள்?"

"எந்த மலைக்கு?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு அவளுடைய பார்வை அடுப்புக்குப் போனது. அந்தச் சட்டியின் வாயில் ஒரு சின்ன உடைவு இருக்கிறது. அவள் கைதவறி இடித்த உடைவு. ஒவ்வொரு நத்தாருக்கும் "இது என் பல்லு" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சட்டிக்குள் மீன் கொதிக்கிறது. அவள் இடியப்பப் பெட்டியை மெதுவாக வைத்துவிட்டு, "கொழம்பு வாசமா இருக்குக்கா" என்றாள். மார்கழி விரதக்காரி, தன்னுடைய சட்டியில் மீனைக் கண்டவள், சொன்ன வார்த்தை அது. ஒரு குறை சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

முற்றத்தில் முத்தையா அண்ணை சைக்கிளைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். கரியரில் பூசணிக்காய் கட்டியிருந்தது. நாங்கள் கதைத்தது அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் வெளியே வந்ததும், "புள்ளைக்கு வேல கூட, தங்கச்சி. யாருக்கோ சொல்ல வேண்டியத நமக்கு மாத்திச் சொல்லியிருக்கும்" என்றார். உன்னைக் காப்பாற்றுகிறாராம். காயை அவிழ்த்துப் படியில் வைத்தார். "இது எதுக்கு அண்ணை?" என்று கேட்டேன். "நாங்க வராட்டியும் காய் வந்துரணும்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். அவர்கள் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதை, வேலிப் படலை தாண்டும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். குழம்பை நாய்க்கு ஊற்றினேன். சட்டியைக் கிணற்றடியில் போட்டு உடைத்தேன். அன்றைக்கு நான் சாப்பிட்டது பார்வதியின் இடியப்பம்.

உடனே உனக்குப் போன் எடுத்தேன். நீ மறுக்கவில்லை. அதை ஒரு நல்ல குணமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுவாயோ தெரியாது. "அம்மா, விளங்கிக்கொள்ளுங்கோ. முதல்முறை வருகினம். மேசையிலை இவை ஆர், என்ன முறை எண்டு கேட்பினம்" என்றாய்.

"மாமா எண்டு சொல்லு."

"எந்த வழியிலை மாமா எண்டு கேட்பினமே. தேயிலைத் தோட்டத்து ஆக்கள் எண்டு தெரிஞ்சால் ஒரு மாதிரிப் பார்ப்பினம் அம்மா. மாமா ஆக்களுக்கும் அது சங்கடம்தானே?"

"அவையின்ரை சங்கடத்தை அவையிட்டைக் கேட்டனியோ?"

"கலியாணம் முடியட்டும். பிறகு ஒரு நாள் தனியக் கூப்பிட்டு நல்லாச் செய்வம். நத்தாரண்டைக்கு வேணுமெண்டால் பார்சல் கட்டிக் குடுத்துவிடுவம்."

பார்சல். அந்த ஒரு வார்த்தைக்கு நான் போனை வைத்தேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பொலித்தீனில் கட்டி, ஆட்கள் காணாமல் பின்வளவால் கொடுத்துவிடச் சொன்னது என்னுடைய பிள்ளை.

அந்தச் சட்டி எப்படி முதற்சட்டி ஆனது என்று சொல்கிறேன், கேள். சண்டை முடிந்து, அப்பா இல்லாமல் நீயும் நானும் முகாமிலிருந்து காணிக்குத் திரும்பிவந்த முதல் நத்தார். வீடு இல்லை, தறப்பாள் விரித்துக் கட்டின கொட்டில். நிவாரண அரிசி இருந்தது, ஒரு மீன்டின் இருந்தது. அந்த மீன்டின்னை நத்தாருக்கென்று நான் ஒளித்து வைத்திருந்தேன். நீ அதைக் கண்டுபிடித்து, ஒரு கிழமையாகத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாய். முத்தையா அண்ணை தன்னுடைய பழைய வளவைப் பார்க்கப் போன இடத்தில், ஆளில்லாத காணியில் தானாகப் படர்ந்த கொடியில் ஒரு பூசணிக்காய் கிடந்ததாம். அதை அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. "ஒங்க பெருநாளாச்சே" என்று எங்கள் தறப்பாளுக்குக் கொண்டுவந்தார். பார்வதியும் வந்தாள். ஒரே ஒரு சட்டிதான் இருந்தது. அதில் மீனைப் போடப்போன என் கையைப் பார்வதி பிடித்து, தயங்கித் தயங்கி, மார்கழி என்றாள். நான் டின்னைத் திரும்ப வைத்துவிட்டுப் பூசணிக்காயை வெட்டினேன். நீ குழறத் தொடங்கினாய். நிலத்தில் விழுந்து புரண்டு, எனக்கு மீன் வேணும் என்று குழறினாய். எனக்கு அடிக்கக் கை வந்தது. முத்தையா அண்ணை உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "புள்ள அழுவுது, எங்களுக்கு மொதல்ல போட்ருங்க தங்கச்சி. நாங்க வெரசா சாப்பிட்டு எந்திரிச்சா புள்ளைக்கு மீன வச்சுக் குடுக்கலாம்" என்றார். சுடச்சுட, வாய் வேக, இரண்டு பேரும் அவசரமாக அள்ளிச் சாப்பிட்டார்கள். உனக்கு மீனை டின்னோடேயே நெருப்பில் வைத்துச் சுடவைத்துத் தந்தேன், அந்தச் சட்டியில் போடவில்லை. அவர்களுக்கு முதலில் போடுகிற வழக்கம் அப்படித்தான் வந்தது. உன்னுடைய மீனுக்காக வந்தது. இன்றைக்கு அந்த வழக்கத்தை உனக்குப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

அதன் பிறகு மழையென்றும் வெயிலென்றும் பாராமல் புதுக்குடியிருப்புக்கு ரியூசனுக்கு உன்னை ஏற்றிக்கொண்டு போன சைக்கிள் யாருடையது? நீ வகுப்பில் இருக்கும் நேரம் அவர் சந்தையடியில் மூட்டை தூக்குவார். வகுப்பு முடிந்ததும் கைகால் கழுவிவிட்டுத்தான் வாசலுக்கு வருவார், மற்றப் பிள்ளைகள் உன்னைப் பகிடி பண்ணக்கூடாது என்று. நீ இதைச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லும்போது உன் கண் கலங்கியிருந்தது. அப்படியானால் உனக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. விளங்காமல் செய்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன்.

பேச்சுக்கால் அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். பெண் கேட்டு யாழ்ப்பாணம் போனபோது வான் வண்டியில் இடமில்லை, மாமாவை அடுத்தமுறை கூட்டிக்கொண்டு போவோம் என்றாய். அவர் வெள்ளை வேட்டி தோய்த்துக் காயப்போட்டிருந்தார். திரும்பி வரும்போது ஆனையிறவு தாண்டினதும் எனக்குக் கால் உளைந்தது. பின்னுக்குப் போய் நீட்டிக்கொண்டு படுத்தேன். பின் இருக்கை முழுக்க வெறுமையாகத்தான் கிடந்தது. அதைப் பற்றி நான் உன்னிடம் கேட்கவில்லை. பிள்ளையைச் சந்தேகிக்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு இன்று காலை ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்தேன். உனக்குச் சொல்லாமல்தான் எடுத்தேன். நீயும் எனக்குச் சொல்லாமல் எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கிறாய். அவர்கள் வீட்டில் யாராவது ஆட்களைப் பற்றி ஏதும் சொன்னார்களோ, அதற்குப் பயந்துதான் நீ இப்படிச் செய்தாயோ என்று அறியவேண்டியிருந்தது. எவ்வளவு பேர் வருகினம் என்று கேட்டேன். அவள் எண்ணிச் சொல்லிவிட்டுத் தானாகவே கேட்டாள்.

"மாமி, முத்து மாமா உண்மையாவே வரமாட்டாரோ? ஏதோ வேலையா வவுனியாவுக்குப் போறார் எண்டு இவர் சொன்னவர். அப்பாவுக்குச் சரியான கவலை. சைக்கிள் கதையெல்லாம் கேட்டாப் பிறகு அந்த மனுசனைப் பார்க்கவேணும் எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருக்கெண்டு வேட்டி சால்வையும் எடுத்து வைச்சிருக்கிறார்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உங்கடை சொந்த அண்ணாதானே மாமி?"

"நான் அண்ணை எண்டுதான் பிள்ளை கூப்பிடுறனான்" என்றேன். "வேட்டி சால்வையைக் கொண்டு வாங்கோ. அவர் நிப்பார்."

முதலில் இரண்டு பொய் என்று எழுதினேன். மூன்றாவதையும் நீயே சொல்லி வைத்திருக்கிறாய். அவர்கள் ஒருவரையும் விலத்தச் சொல்லவில்லை. யாரும் ஒரு மாதிரிப் பார்க்கவும் இல்லை. அவர்கள் வேட்டி எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மனிதனுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லி அவளுடைய மனத்தைப் பிடிக்கும்போது உனக்கு அவர் மாமா. மேசைக்கு வரும்போது வேண்டாம். முத்தையா என்ற பெயரைக்கூடப் பாதியாக வெட்டி, முத்து மாமா, அம்மாவின் அண்ணா என்று ஆக்கி வைத்திருக்கிறாய். என் கூடப் பிறந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரும் அந்தத் தறப்பாளுக்கு வரவில்லை.

நான் ஜெனிற்றாவுக்கு உண்மையைச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைக்காதே, அந்த வேலையை முத்தையா அண்ணை ஏற்கெனவே செய்துவிட்டார். அது என் வாயால் வரவேண்டிய கதை இல்லை. நாளைக்குக் கலியாணம் கட்டி அவளோடு ஒரு வீட்டில் இருக்கப்போகிறாய். உன்னைத் தூக்கி வளர்த்தவர் எங்கே பிறந்தார், எந்தக் கோயிலில் பாடுகிறார் என்பதைக்கூட ஒளித்துவைத்துத்தான் அவளோடு இருக்கமுடியும் என்றால், உனக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒவ்வொருவரை மலைக்கும் வவுனியாவுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கவேண்டிவரும். ஒரு நாள் என்னையும் அனுப்புவாய். நான் உடுத்துகிற சீலையும் கதைக்கிற கதையும் கொழும்புக்குச் சரிவராது என்று உனக்குத் தோன்றாமலா இருக்கிறது?

என்னுடைய பக்கத்தில் பிழை என்றால் ஒன்றுதான். முத்தையா அண்ணை போன் வாங்கின அன்று அவருடைய நம்பரை உனக்கு ஆசையாகச் சொன்னவள் நான். நீ இடைக்கிடை எடுத்துச் சுகம் கேட்பாய் என்று சொன்னேன். அந்த நம்பருக்கு நீ முதன்முதலாக எடுத்தது இதற்குத்தான் என்று பார்வதி சொன்னாள். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் போன் எடுக்காதே. எடுத்தால் நான் ஆன்சர் பண்ணமாட்டேன். இந்தக் கடிதத்தைக் கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், உன் கைக்கு வரும்போது நத்தாருக்கு இன்னும் நாள் இருக்கும். இனி நடக்கவேண்டியதைக் கீழே எழுதியிருக்கிறேன். இதில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு என் அடுப்பு எரியாது. நான் முத்தையா அண்ணையின் வீட்டில் ரசமும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். வருகிற ஆட்களை நீயே வாசலில் வரவேற்று, அம்மா எங்கே போய்விட்டா என்று நான்காவது பொய்யையும் சொல்லு.

சட்டி நீ வாங்கவேண்டும். பஸ்ஸால் புதுக்குடியிருப்பில் இறங்கி, சந்தையில் தட்டிப் பார்த்து, கணீர் என்று கேட்கிற சட்டியாக எடு. அதில் அரிசி கழுவின தண்ணி ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்குவதும் நீ. எப்படி என்று எனக்குத் தெரியாததுபோல நான் நிற்பேன். பார்வதியிடம் போய்க் கேள்.

கூப்பிடுவது நீ. போனில் இல்லை. அவர்கள் வீட்டுக்கு நடந்து போ. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நான் எழுதித்தரமாட்டேன். "பரவாயில்ல தம்பி" என்று அவர் உடனே சொல்லிவிடுவார். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதே. சொல்லவேண்டியதை முழுக்கச் சொல்லு.

வாடகை மேசையில் தலைமாட்டுக் கதிரை முத்தையா அண்ணைக்கு. அதைத் துடைத்து வைப்பது நீ. வாழையிலை வெட்டுவதும் நீ.

பூசணிக்காய் வெட்டுவது வழமைபோல் பார்வதி. காய் படியில் வைத்தபடியே இருக்கிறது, நான் உள்ளே எடுக்கவில்லை. சமைப்பது நான். முதற்சட்டியிலிருந்து எல்லோருடைய இலையிலும் பரிமாறுவது ஜெனிற்றாவும் நீயும். ஆட்டிறைச்சிச் சட்டியின் மூடி என் கையில் இருக்கும். அது எப்போது திறக்கும் என்று உனக்குத் தெரியும்.

வேட்டி சால்வை கொடுப்பது ஜெனிற்றாவின் அப்பா.

கொடுத்துவிட்டு, மரியாதைக்காக, நீங்கள் எந்த வழியில் மாமா என்று கேட்பதும் அவராகத்தான் இருக்கும்.

மறுமொழி சொல்லுவது நீ. முத்தையா அண்ணை உன்னைக் காப்பாற்ற வாயெடுப்பார், அதற்கு முதல் சொல்லு. நான் குசினி வாசலில், கேட்கிற தூரத்தில் நிற்பேன்.

அம்மா